மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒருவர், மாஸ்க் என்பது நோயாளி போட வேண்டிய பொருள், நன்றாக இருப்பவர் போட்டால் மூச்சு முட்டுவதுதான் மிச்சம் என்று எழுதியிருந்தார். வைரஸ் அவ்வளவு சின்னது, அதை ஒரு துணி எப்படித் தடுக்கும் என்பது அவருடைய முதல் காரணம். விஞ்ஞானிகளே ஆராய்ந்து பார்த்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பது இரண்டாவது. அதற்கு வந்த பதில் கடிதம் இந்த இரண்டையும் தொடவே இல்லை. மாஸ்க் போடாதவர்களைத் திட்டுவதிலேயே முடிந்துவிட்டது. திட்டி யாரையும் மாஸ்க் போட வைக்க முடியாது. முதல் கடிதக்காரர் கேட்டவை நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதிலும் இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற பக்கம் இல்லை.

நான் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பிற்பகுதியில் மாஸ்க்தான் என் அன்றாட வேலை. எந்த வார்டில் எந்த மாஸ்க், அது யார் முகத்தில் சரியாக உட்காருகிறது, யார் முகத்தில் உட்காரவில்லை என்று பார்ப்பது, பார்த்ததை எழுதி வைப்பது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வைரஸின் அளவிலிருந்து தொடங்குகிறேன். கொரோனா வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது சரிதான். ஆனால் வைரஸ் ஒருவர் வாயிலிருந்து தனியாகக் கிளம்பி வருவதில்லை. எச்சிலும் சளியும் உப்பும் கலந்த ஒரு துகளுக்குள் இருந்துகொண்டுதான் வருகிறது. அந்தத் துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கலாம், நூறு மைக்ரானாகவும் இருக்கலாம். பெரியது கொஞ்ச தூரத்தில் தரையில் விழுந்துவிடும். சின்னது மணிக்கணக்கில்கூட அறையின் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

அடுத்து, மாஸ்க் ஒரு சல்லடை இல்லை. ஓட்டையைவிடப் பெரியது நிற்கும், சின்னது போய்விடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. தளர்வாகக் காதில் மாட்டும் சர்ஜிக்கல் மாஸ்க்கையோ முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் என்95 மாஸ்க்கையோ கத்தரியால் வெட்டிப் பார்த்தால் நடுவில் மெல்லிய வெள்ளை அடுக்கு ஒன்று இருக்கும். பாலிப்ராப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, தாறுமாறாகப் பின்னிக்கிடக்கும் இழைகளாகச் செய்தது அது. காற்று அந்த இழைகளுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் போக வேண்டும். பெரிய துகளால் அந்த வளைவுகளில் திரும்ப முடியாது, நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சின்னத் துகளுக்கு வேறு சிக்கல். காற்று மூலக்கூறுகள் நாலா பக்கமும் தள்ளுவதால் அது நேர்கோட்டில் போகாது, அலைந்து திரிந்து எங்காவது ஓர் இழையில் முட்டிக்கொள்ளும். பிடிக்க மிகவும் சிரமமானது இந்த இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரானை ஒட்டி இருக்கிற துகள்தான். என்95 என்ற பெயரில் இருக்கிற 95, பிடிக்கக் கடினமான அந்த அளவுத் துகள்களிலேயே குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்ட வேண்டும் என்ற விதியைக் குறிக்கிறது. அதைவிடச் சின்னதும் பெரியதும் இன்னும் சுலபமாக மாட்டும்.

அந்த இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். பக்கத்தில் வரும் துகளை அது இழுத்துக்கொள்ளும். 1990களில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் இருந்த, தைவானில் பிறந்த பீட்டர் சாய் என்ற பொறியாளர் இந்த முறையை மேம்படுத்தினார். மூச்சு விடுவதைக் கடினமாக்காமல் வடிகட்டும் திறனைக் கூட்ட முடிந்தது அதனால்தான். என்95ஐச் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், சானிடைசரில் முக்காதீர்கள் என்று நாங்கள் தொண்டை வற்றச் சொன்னதற்கும் இதுவே காரணம். துவைத்த மாஸ்க் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், மின்னூட்டம் போயிருக்கும்.

மாஸ்க் நோயாளிக்கானது என்பதற்கு வருகிறேன். சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிற, நோய் எதுவும் இல்லாத ஆட்களின் நுரையீரலுக்குள் தூசி போகாமல் தடுக்க வந்த முகக்கவசங்களின் வழியில் வந்தது என்95. இன்றும் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கொடுப்பது தொழிலாளர் பாதுகாப்புக்கான ஆய்வு நிறுவனம்தான். சில மாஸ்க்கின் முன்னால் வட்டமாக ஒரு வால்வு இருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இழுக்கும் மூச்சை வடிகட்டும், வெளியே விடும் மூச்சை வடிகட்டாமல் அப்படியே விட்டுவிடும். போட்டிருப்பவரைக் காப்பாற்றினால் போதும், எதிரில் இருப்பவரைப் பற்றிக் கவலை இல்லை என்ற கணக்கில் செய்த பொருள் அது. அதனால்தான் கொரோனா காலத்தில் வால்வு வைத்த மாஸ்க் வேண்டாம் என்றோம்.

சர்ஜிக்கல் மாஸ்க்கின் கதை வேறு. 1897இல் பிரெஸ்லா நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) யோஹான் மிகுலிச் என்ற அறுவை மருத்துவர் வாயில் மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். பேசும்போது தெறிக்கும் துளிகளில் கிருமி இருக்கிறது என்று கார்ல் ஃப்ளூகே என்ற நுண்ணுயிரியல் அறிஞர் அதே ஊரில் காட்டியிருந்தார். அந்தத் துளி நோயாளியின் காயத்துக்குள் விழக்கூடாது என்பதுதான் நோக்கம். மருத்துவரின் மூக்குக்குள் என்ன போகிறது என்பது அன்றைய கேள்வியே இல்லை. ஆகவே அது பக்கவாட்டில் இறுக்கமாக இருக்க வேண்டிய தேவையும் எழவில்லை. இன்றைக்கும் அது அப்படியேதான், கன்னத்தின் இரு பக்கமும் திறந்து கிடக்கிறது.

நன்றாக இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள மாஸ்க் போட வேண்டும் என்று பெரிய அளவில் வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர், பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த மருத்துவர் வூ லியன் தே. 1910இன் கடைசியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அங்கே அனுப்பியது. எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமல் மூச்சுக்காற்று வழியாகவே இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்றார் அவர். மருத்துவர், செவிலியர், பிணம் தூக்குபவர் எல்லோரும் பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய மாஸ்க்கைக் கட்ட வேண்டும் என்றார். அங்கே வந்த ஜெரால்ட் மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அவரைவிட மூத்தவர், பிளேக்கை ஏற்கெனவே பார்த்த அனுபவம் உள்ளவர். அவர் இதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் பிளேக் வந்து 1911 ஜனவரியில் இறந்துபோனார். ஒருவர் இறந்ததை வைத்து மாஸ்க் பலன் தரும் என்று நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அங்கே மாஸ்க் போடுவது பரவலானது.

சரி, வடிகட்டி நல்ல வடிகட்டிதான் என்றால் குறை எங்கே இருக்கிறது? மாஸ்க்கின் ஓரத்தில். இதை நான் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஆள் ஆளாகச் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

மாஸ்க் முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. என்95 போட்டு வேலை செய்யும் ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. முதலில் மாஸ்க் இல்லாமல், ஊழியரின் தலையைத் தோள்வரை மூடும் ஒரு கூடாரத்தை மாட்டுவோம். முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜன்னல், அதில் சின்ன ஓட்டை. அந்த ஓட்டை வழியே மிகக் கசப்பான ஒரு திரவத்தை, நீர்த்த அளவில், ஆவியாக அடிப்போம். வாயை லேசாகத் திறந்து மூச்சு விட வேண்டும். எத்தனை முறை அடித்ததும் நாக்கில் கசப்பு தெரிகிறது என்று குறித்துக்கொள்வோம். அப்புறம் வாய் கொப்பளிக்க வைத்து, என்95 போடச் சொல்லி, மறுபடி கூடாரம். இப்போது திரவம் பல மடங்கு செறிவானது. சாதாரண மூச்சு ஒரு நிமிடம், ஆழ்ந்த மூச்சு ஒரு நிமிடம், தலையை இடமும் வலமும் திருப்புவது, மேலும் கீழும் அசைப்பது, குனிந்து நிமிர்வது, ஒரு பத்தியைச் சத்தமாகப் படிப்பது. இடையிடையே நான் அடித்துக்கொண்டே இருப்பேன்.

முதல் இரண்டு நிமிடம் பெரும்பாலானவர்கள் தாண்டிவிடுவார்கள். பேச ஆரம்பிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். தாடை கீழே இறங்கும், மாஸ்க் அதோடு இழுபடும், மூக்கின் பக்கவாட்டில் ஒரு மயிரிழை அளவு திறக்கும். படித்துக்கொண்டிருக்கிற ஆள் பாதி வாக்கியத்தில் முகத்தைச் சுளித்து, "சிஸ்டர், கசக்குது" என்பார். அந்த மாஸ்க்கின் வடிகட்டியில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அவர் முகத்துக்கு அது ஆகவில்லை. மூக்குக் கம்பியை அழுத்தி, வாரை ஏற்றிக் கட்டி மறுபடி பார்ப்போம். அப்போதும் கசந்தால் வேறு அளவு, வேறு கம்பெனி. சின்ன முகம் கொண்ட பெண்களுக்கு வழக்கமான அளவு பல நேரம் பொருந்தாது. தாடி வைத்தவர்களைச் சோதிக்கவே கூடாது, ஒட்டும் இடத்தில் மயிர் இருந்தால் கசியத்தான் செய்யும். இதனால் ஒரு பெரிய டாக்டருக்கும் எனக்கும் ஏற்பட்ட மனத்தாங்கல் தனிக்கதை, இங்கே வேண்டாம்.

வீட்டில் இந்தக் கூடாரம் இருக்காது. ஆனால் மூக்குக்கண்ணாடி அணிபவர்களிடம் ஒரு கருவி இருக்கிறது. மாஸ்க் போட்டதும் கண்ணாடியில் ஆவி படிந்தால், விடுகிற மூச்சு மேல் பக்கமாகக் கசிகிறது என்று பொருள். அதே வழியில் வெளிக்காற்று வடிகட்டப்படாமல் உள்ளேயும் வரும். சர்ஜிக்கல் மாஸ்க்குக்கும் ஒரு கைவைத்தியம் உண்டு. காதில் மாட்டும் வாரை, மாஸ்க்கோடு சேருகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, புடைத்துக்கொண்டிருக்கும் பக்க மடிப்பை உள்ளே தள்ளிவிடுவது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொம்மைத் தலைகளை வைத்து இதைச் சோதித்தது. துகள்களை மூச்சில் விடும் பொம்மைக்கு மாஸ்க் இல்லை, எதிரில் இருக்கும் பொம்மைக்கு மட்டும் இப்படி முடிச்சிட்ட மாஸ்க். அப்போதே எதிரில் இருந்த பொம்மை உள்ளிழுத்த துகள்கள் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. நன்றாக இருப்பவர் மட்டும் போட்டால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான சோதனை கிடைப்பது கஷ்டம். பொம்மை மாஸ்க்கை இறக்கிவிட்டுப் போன் பேசாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் நடந்தது அதுதான். கடிதக்காரர் எந்த ஆய்வை மனத்தில் வைத்திருந்தார் என்று அவர் சொல்லவில்லை. டென்மார்க் ஆய்வாக இருக்கலாம். 2020இன் ஏப்ரலிலிருந்து ஜூன்வரை ஏறத்தாழ 6,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆளுக்கு 50 சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்து, வெளியே போகும்போது போடச் சொன்னார்கள். கடைசியில் மாஸ்க் பிரிவில் 1.8 விழுக்காட்டினருக்கும் மற்றதில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றார்கள். தொற்று பாதியளவு குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு, கொஞ்சம் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு என்கிற அளவுக்கு அந்தக் கணக்கு அகலமானது. செய்தித்தாள்களில் வந்தது 'மாஸ்க் பயனில்லை'. வராமல் போனது இன்னொன்று: மாஸ்க் பிரிவில் இருந்தவர்களில் சொன்னபடி போட்டதாகச் சொன்னவர்கள் 46 விழுக்காடுதான். அப்புறம், வீட்டுக்குள் மாஸ்க் போடச் சொல்லவும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு வந்து அவரிடமிருந்து தொற்றிக்கொண்டவரும் 'மாஸ்க் போட்டும் வந்தது' என்ற கணக்கில்தான் சேருவார்.

வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்தது இதைவிட மிகப் பெரிது, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, போடச் சொல்லித் தூண்டவும் செய்தார்கள். போடுபவர்கள் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தார்கள். அதாவது அப்போதும் பாதிக்கு மேல் போடவில்லை. ஆனாலும் சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுள்ள கொரோனா 11 விழுக்காடு குறைந்தது, 60 வயதைத் தாண்டியவர்களிடம் ஏறத்தாழ 35 விழுக்காடு. துணி மாஸ்க்குக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. வீட்டில் தைத்த துணி மாஸ்க்கை நான் ஒருபோதும் பெரிதாக நம்பியதில்லை, வேறு எதுவும் கிடைக்காத நாட்களில் அது பரவாயில்லை, அவ்வளவுதான்.

2023இல் நார்வேயில், கொரோனா பயம் அடங்கிய பிறகு, 4,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டு வாரம் பார்த்தார்கள். பொது இடத்தில் சர்ஜிக்கல் மாஸ்க் போடச் சொன்ன பிரிவில் 8.9 விழுக்காட்டினரும், போட வேண்டாம் என்ற பிரிவில் 12.2 விழுக்காட்டினரும் சளி, இருமல், காய்ச்சல் வகை அறிகுறிகள் வந்ததாகச் சொன்னார்கள். 'சொன்னார்கள்' என்பதைக் கவனிக்க வேண்டும், பரிசோதனைக்கூட முடிவு இல்லை. மாஸ்க் போட்ட திருப்தியில் லேசான தும்மலைச் சொல்லாமல் விட்டவர்களும் இருப்பார்கள். அதனால் இதைத் தூக்கிக்கொண்டு ஆடவும் நான் தயாராக இல்லை.

அப்புறம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் அறிக்கை. 2023 ஜனவரியில் வந்தது, கை கழுவுவதையும் சேர்த்து 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சமூகத்தில் மாஸ்க் போடுவதால் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம் என்று அதில் இருந்ததை, 'மாஸ்க் வேலை செய்யாது' என்று உலகமே பிடித்துக்கொண்டது. மார்ச் மாதம் காக்ரேனின் தலைமை ஆசிரியர் கார்லா சோரெஸ் வைசரே முன்வந்து, அப்படிப் படிப்பது தவறு, மாஸ்க் போடச் செய்யும் முயற்சிகள் பலன் தந்தனவா என்பதைத்தான் பார்த்தோம், அதற்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை என்று விளக்கம் சொன்னார். பெட்டியில் இருக்கிற மாத்திரையை எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று கேட்காமல் மாத்திரையைக் குறை சொல்ல எந்த மருத்துவமனையிலும் விடமாட்டோம்.

எல்லா நோய்க்கும் இது பொருந்தும் என்றும் நினைத்துவிட வேண்டாம். டெங்குவுக்கும் மலேரியாவுக்கும் மாஸ்க் ஒன்றும் செய்யாது. காலரா தண்ணீரில் வருகிறது. தட்டம்மை காற்றில் பரவுவதில் ராட்சசன், நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அறையில் இருக்கும். அதற்கு உண்மையான காவல் தடுப்பூசிதான். மாஸ்க் முழு அர்த்தத்தோடு வேலை செய்வது காசநோய் வார்டில். அங்கே நோயாளிக்குச் சர்ஜிக்கல், எங்களுக்கு என்95. நோயாளி மாஸ்க் போடுவதால் என்ன குறைகிறது என்று தென்னாப்பிரிக்காவில் பார்த்தார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் கினிப்பன்றிகள் இருந்த அறைக்குக் குழாய் வழியே செலுத்தினார்கள். நோயாளிகள் சர்ஜிக்கல் மாஸ்க் போட்ட நாட்களின் காற்றை இழுத்த கினிப்பன்றிகளுக்குத் தொற்று பாதிக்கும் மேல் குறைந்தது. முழுவதும் குறையவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அந்த மீதிக்குத்தான் எங்கள் முகத்தில் என்95, அறையில் திறந்த ஜன்னல்.

அப்படியானால் நோயில்லாதவர் எப்போது போடலாம்? என்னைக் கேட்டால், திறந்த வெளியில் தனியாக நடக்கும்போது தேவையே இல்லை. அப்படிப் போட்டு அலுத்துப்போய், மூடிய அறையில் கழற்றிவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். பரவல் இருக்கும் நாட்களில், காற்றோட்டமில்லாத இடத்தில், நிறைய பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் போடுங்கள். வீட்டில் ஒருவர் இருமிக்கொண்டு படுத்திருந்தால் அவர் அறைக்குள் நுழையும் முன் போடுங்கள், அவருக்கும் ஒன்று கொடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்றிக்கொண்டவர் போன்றோருக்குச் சுற்றி இருப்பவர்கள் போடாவிட்டாலும் நன்றாகப் பொருந்திய என்95 தனியாகவே கணிசமான பாதுகாப்பு. ஏற்கெனவே மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடட்டும்.

மக்கள் குழம்பியதில் வியப்பில்லை. 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் நோயில்லாதவர்கள் பொது இடத்தில் மாஸ்க் போட வேண்டும் என்று பரிந்துரைக்கவில்லை. ஜூன் 5ஆம் தேதி, பரவல் உள்ள இடங்களில் துணி மாஸ்க் போடலாம் என்று மாற்றிக்கொண்டது. நடுவில் மருத்துவமனைகளிலேயே மாஸ்க் தட்டுப்பாடு. எங்களுக்கு மிச்சம் வையுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள். உங்களுக்குப் பயன்படாது, எங்களுக்கு மட்டும் வேண்டும் என்று சொன்னதை யாரால் நம்ப முடியும்? கடிதக்காரரின் கோபத்தில் பாதி அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன், அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி மாஸ்க் ஆய்வு எதைப் பற்றிச் செய்தி போட்டாலும், அதில் சொன்னபடி மாஸ்க் போட்டவர்கள் எத்தனை விழுக்காடு, எந்த வகை மாஸ்க் என்ற இரண்டு விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்தில் வைக்கும் படத்தில் மாஸ்க் மூக்குக்குக் கீழே தொங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்